எந்தத் தீவுக்குப் போவது?

தவணை முடிவில் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையை வாங்க வரும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளுள் அண்மைக் காலத்தில் ஒன்று கூடியிருக்கின்றது. விடுமுறையிற் குடும்பத்தோடு ஒரு தீவுக்குப் போய்வர எண்ணியிருக்கின்றோம். மாலைதீவா, மொரீசியசா, அன்றேல் இங்கேயே நிலாவெளிப் பக்கமா, எது நல்லது ஐயா, என்பதே அக்கேள்வி. வரலாறு படிப்பித்தவனுக்கு ஊர்களெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணுகின்றார்கள் போலும். விமானச் சீட்டின் விலையைப் பற்றியோ விடுதியின் வசதிகளைப் பற்றியோ நான் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் எந்தத் தீவு என்னும் வினா மிகப் பழையது. மாலுமிகளும் மன்னர்களும் கொம்பனிக்காரரும் ஆளுநர்களும் காலத்துக்குக் காலம் அதற்கு விடை கண்டிருக்கின்றார்கள். அவ்விடைகளை நேயர்களோடு சேர்ந்து சற்றே புரட்டிப் பார்க்க விரும்புகின்றேன்.

நாமோ ஏற்கெனவே ஒரு தீவில் வாழ்பவர்கள். முகத்துவாரத்துக் கரையில் நின்றால் களனி கங்கை கடலிற் கலப்பதும், துறைமுகத்தின் அலைதடுப்புக்கு வெளியே கப்பல்கள் முறை பார்த்துக் காத்திருப்பதும் கண்ணிற் படும். தீவில் வாழ்பவன் விடுமுறைக்கு வேறொரு தீவைத் தேடுவதைக் கேட்டால் நம் பாட்டன்மார் நகைத்திருப்பர். அவர்களுக்குத் தீவென்பது உறவினர் வீடு, அல்லது வியாபாரத்துக்குப் போகும் இடம், அல்லது நேர்த்திக்கடன் செலுத்தும் தலம். இளைப்பாறுவதற்கென்றே ஒரு தீவுக்குப் போகலாம் என்னும் எண்ணம் மிகப் பிந்தியது.

பழைய மாலுமி ஒரு தீவைத் தேர்ந்தபோது அழகை நோக்கவில்லை. குடிக்க நீர் உண்டா, நங்கூரம் இட இடம் உண்டா, இந்தக் காற்றில் அங்கே சேரவும் அடுத்த காற்றில் அங்கிருந்து மீளவும் இயலுமா என்னும் மூன்றையுமே நோக்கினான். மாலைதீவு இதற்கு நல்ல சான்று. முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுக்கள், கடலிலுள்ள பழந்தீவுகள் பன்னீராயிரத்தை அவன் வென்றதாகக் கூறுகின்றன. ஆராய்ச்சியாளர் அவற்றை மாலைதீவு என்றே கொள்வர். உண்மையில் அங்குள்ள தீவுகள் ஏறத்தாழ 1,200 தாம். மெய்க்கீர்த்தி எழுதியவர் தொகையிற் சிக்கனம் பார்க்கவில்லை. சோழனை அங்கே இழுத்தது வெண்மணலன்று. மேற்கிலிருந்து வரும் கப்பல்களின் வழியில் அத்தீவுகள் கிடந்தன. கப்பற் பலகைகளைத் தைத்து இணைக்கும் தென்னங்கயிறு அங்கே திரிக்கப்பட்டது. வங்காளத்திலும் ஆபிரிக்காவிலும் நாணயமாக வழங்கிய சோழி அங்கே அள்ளப்பட்டது.

மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பத்தூத்தா 1343 இல் மாலைதீவை அடைந்தார். அங்கே காதியாராக அமர்ந்தார், மணமும் முடித்தார். பின்னர் அதிகாரத்திலிருந்தோருடன் மனங்கசந்து 1344 இற் புறப்பட்டார். அவர் போக எண்ணியது மாபார் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு. காற்றோ அவரைப் புத்தளத்திற் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அம்மன்னனின் உதவியோடு சிவனொளிபாத மலையேறி வந்தார். ஆகவே இலங்கையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. காற்றுத்தான் அவருக்காகத் தேர்ந்தெடுத்தது. இன்று விமானத்திற் போவோர் காற்றை மறந்துவிடுகின்றனர். விடுமுறையின் முதல் நாள் மழையைக் கண்டதும் நினைவு வந்துவிடுகின்றது.

மாலுமிக்குப் பின் தீவுகளைத் தேர்ந்தவர் ஆளுநர். அவர்கள் தேடியது வேறொன்றை. வேண்டாத மனிதரை எங்கே அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார்? இவ்வினாவுக்கு ஐரோப்பிய வல்லரசுகள் கண்ட விடைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இன்றைய உல்லாசப் பயணத் துண்டுப்பிரசுரம் ஒன்றைப் போலவே அது தோன்றும். கண்டி இராச்சியத்தின் அதிகாரமாயிருந்த எகலப்பொலையை ஆங்கிலேயர் 1825 இல் மொரீசியசுக்கு அனுப்பினர். 1829 இல் அங்கேயே அவர் இறந்தார். மலாயாவின் பேராக் நாட்டுச் சுல்தான் அப்துல்லாவை 1877 இலும், மேற்கு ஆபிரிக்காவின் அசாந்தி மன்னன் பிரெம்பேயை 1900 இலும் சீசெல்சுத் தீவுகளில் வைத்தனர். சைப்பிரசுப் பேராயர் மக்காரியோசை 1956 இல் அதே இடத்துக்குக் கொண்டு சென்றனர். அந்தமானில் 1906 இற் கட்டி முடிந்த சிறைக்கூடத்தை அறியாதார் யார்?

அந்தத் தாளில் இலங்கையும் இடம்பெறும். சாவக அரசன் மூன்றாம் அமங்குராட்டை ஒல்லாந்தர் 1708 இல் இங்கே நாடு கடத்தினர். எகிப்திற் கிளர்ச்சி செய்து தோற்ற அறபி பாஷா 1883 சனவரியிற் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, 1901 வரை இத்தீவில் இருந்தார். மருதானையில் 1892 இற் சாகிராக் கல்லூரி தோன்றுதற்கு ஊக்கமளித்தோருள் அவரும் ஒருவர். கொழும்பு நகருக்குள்ளேயே கொம்பனித்தெருவை ஆங்கிலேயர் 'அடிமைத் தீவு' என்று வழங்கினர். ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் ஏரி சூழ்ந்த அவ்விடத்தில் அடைத்துவைத்ததனால் வந்த பெயர் அது. தொலைவு, நாற்புறமும் நீர், வந்தவர் எளிதிற் போக இயலாமை: இவற்றுக்காக அன்று ஒருவனைத் தண்டிக்கத் தெரிந்த இடங்களையே இன்று நாம் பணங்கொடுத்துத் தேடிப்போகின்றோம். இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. தொலைவு என்பது அனுப்பப்பட்டவனுக்கு ஒன்று, தானாகப் போனவனுக்கு வேறொன்று.

மொரீசியசுக்குப் போகும் தமிழர் கடற்கரையோடு நின்றுவிடலாகாது என்பது என் கருத்து. அங்கே பழங்குடிகள் என எவருமில்லை. ஒல்லாந்தர் 1598 இல் அதற்குப் பெயரிட்டனர். 1710 இற் கைவிட்டுப் போயினர். போகுமுன் டோடோப் பறவை அழிந்துவிட்டது. பின்வந்த பிரெஞ்சுக்காரருள் லபூர்தொனே என்னும் ஆளுநர், 1735 முதல் 1746 வரையிலான தம் ஆட்சியிற் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞரை வரவழைத்து, போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டுவித்தார். ஆங்கிலேயர் காலத்தில் அடிமை முறை ஒழிந்ததும், 1834 முதலாக, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் ஏற்றிச் செல்லப்பட்டனர். நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு வந்திறங்கியதாகக் கணக்குண்டு. அவர்கள் ஏறிய கற்படிகளை ஆப்பிரவாசி காட் என்னும் இடத்தில் இன்றும் காணலாம். 2006 இல் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழெழுத்து உண்டு. தைப்பூசக் காவடி அங்கே அரசாங்க விடுமுறை. கூலிக்காரனை இறக்கிய துறையில், அவன் உறவினன் ஒருவன் இருநூறு ஆண்டு கழித்து உல்லாசப் பயணியாக இறங்குவது சிறிய செய்தியன்று.

மாலைதீவு நமக்கு அயல்வீடு. மாசி இல்லாமற் கொழும்பில் எந்த அடுப்படியிற் சம்பல் இடிக்கப்பட்டது? அம்மாசியைக் கொண்டு அங்கிருந்து ஓடங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. அரிசியும் துணியும் கொண்டு மீண்டன. மாலைதீவின் சுதந்திர உடன்படிக்கை 1965 யூலை 26 இற் கைச்சாத்தானதும் கொழும்பிலேதான். உல்லாசப் பயணம் அங்கே 1972 இல், தலைநகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு தீவில் அமைந்த விடுதியோடு தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வந்துபோன ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர், இத்தீவுகள் உல்லாசப் பயணத்துக்கு ஏற்றவையல்ல என்று கருத்துத் தெரிவித்தனராம். வல்லுநரின் கருத்தை எவ்வளவுக்குக் கொள்ளலாம் என்பதற்கு இதை மாணவருக்கு நான் எடுத்துக்காட்டுவதுண்டு.

அந்நாட்டார் கண்ட முறை, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது. குடியில்லாத தீவுகளிலே விடுதி கட்டப்பட்டது. குடியுள்ள தீவுகளில் மக்கள் தம் வாழ்வை வாழ்ந்தனர். பயணியும் குடிமகனும் சந்திக்கவேண்டிய தேவையே எழவில்லை. 2009 ஐ ஒட்டித்தான் குடியுள்ள தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் அமைய இடமளிக்கப்பட்டது. செலவைக் கருதும் ஆசிரியர் குடும்பத்துக்கும் எழுதுவினைஞர் குடும்பத்துக்கும் அவையே ஏற்றவை. மாலைதீவாரின் பேச்சையும் உணவையும் அங்கேதான் அறியலாம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. நீரைக் கடலிலிருந்து வடித்தெடுத்துக் குடிக்கும் நாடு அது. 2014 டிசெம்பரில் மாலே நகரின் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீ மூண்டபோது, தலைநகர் முழுவதும் குடிநீருக்குத் தவித்தது. இலங்கையும் இந்தியாவும் நீர் அனுப்பின. பழைய மாலுமியின் முதற் கேள்வி இன்னும் பழசாகிவிடவில்லை.

இனி நம் வீட்டுக்கே வருவோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் வாழும் குடும்பங்களுட் பல, வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு, நயினாதீவு, காரைநகர் ஆகிய இடங்களிலிருந்து வந்தவை. அவர்களின் பாட்டன்மார் கொழும்பிலே கடை வைத்தனர், ஊருக்குக் காசு அனுப்பினர், கோயில் கட்டினர், பள்ளிக்கூடம் கட்டினர். பேரப்பிள்ளைகள் மாலே விமான நிலையத்தின் ஓடுபாதை எவ்வாறு கடலுக்குள் நீண்டிருக்கின்றது என்று எனக்கு விவரித்துச் சொல்கின்றனர். ஊர்காவற்றுறை எங்கே என்று கேட்டால், படத்தில் விரல் மன்னாருக்குப் போகின்றது.

ஊர்காவற்றுறை சிறிய பெயரன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். பரதேசிகள் ஊறாத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கின்றது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, தமிழ்மொழியில், வெளிநாட்டு வணிகருக்காக வெட்டுவித்த ஆணை இது. உடைந்த கப்பலைக் கொள்ளையிடுவது கரையோர மன்னர் பலரின் உரிமையாயிருந்த காலத்திலே, உடையவனுக்குப் பங்கு உண்டென்று கல்லில் எழுதிவைத்தது அன்றைய உலகிற் பெரிய காரியம். யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலாப் போகும் பேருந்துகள் நயினாதீவில் நிற்கின்றன. விகாரைக்குப் போவார் விகாரைக்கும், அம்மனைக் காண்பார் கோயிலுக்கும் போய்த் திரும்பிவிடுகின்றனர். இக்கல்லைக் கேட்டுப் பார்ப்பார் மிகச் சிலரே.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று, வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ற். அவர்களது கொம்பனியின் சபைகள் அமைந்திருந்த ஊர்கள் இவற்றுட் பல. முதலாளிமாரின் பெயரைத் தோட்டத்துப் பாத்திகளுக்கு இட்டதுபோல என்று கொள்ளுங்கள். டெல்ப்ற் என்னும் பெயர் மட்டும் இன்றளவும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவிற் போர்த்துக்கேயர் கட்டிய சிறு கோட்டையைக் கைப்பற்றி, அதற்கு ஹம்மன்ஹீல் என்றனர். பன்றித் தொடையின் குதிகால் என்பது பொருள். இலங்கைப் படம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித் தொடையாகத் தோன்றியதாம். நமக்கோ அது மாம்பழம். பார்ப்பவன் பசியைப் பொறுத்தது. அக்கோட்டை பிற்காலத்திற் சிறையாயிற்று. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் பிடிபட்டவர்கள் அங்கே அடைக்கப்பட்டனர். போர் முடிந்தபின் கடற்படையினர் அதை விடுதியாக்கினர். சீசெல்சின் கதையும் அந்தமானின் கதையும் நம் வாசலிலே, ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் நெடுந்தீவே என் மனத்துக்கு உகந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியாக வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகிற் செல்ல வேண்டும். ஏறக்குறைய ஐம்பது சதுரக் கிலோமீற்றர் பரப்பு. மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. பனையும் புல்வெளியும் கடலும். வீட்டு வேலிகள் பவளக்கல்லை ஒன்றன்மேலொன்றாகச் சுண்ணாம்பின்றி அடுக்கியவை. இந்த வேலி எவ்வாறு காற்றிற் சரியாமல் நிற்கின்றது என்று அங்குள்ள முதியவரைக் கேட்டுப் பாருங்கள். அதற்கே ஒரு முற்பகல் போதாது. பெருக்கமரம் ஒன்று உண்டு. ஆபிரிக்கக் கண்டத்து மரம். அறபு வணிகர் கொண்டுவந்தனர் என்பர். உள்ளே மனிதர் நுழைந்து நிற்கத்தக்க பொந்து அதன் அடியில் இருக்கின்றது. வெடியரசன் கோட்டை என வழங்கும் இடிபாடும், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டைச் சுவர்களும், புறாக்கூடும் உண்டு.

போர்த்துக்கேயர் இதைப் பசுத்தீவு என்று தம் மொழியில் அழைத்தனர். அவர்களுக்கு அது இறைச்சியும் நெய்யும். அவர்கள் விட்டுச்சென்ற குதிரைகளை ஒல்லாந்தர் பெருக்கினர். அவர்களுக்கு அது இலாயம். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் இராணுவ அதிகாரி பத்தாண்டுக்கு மேலாகத் தீவை நிருவகித்துக் குதிரை வளர்ப்பைத் தொடர்ந்து நடத்தினார். குதிரைப் பட்டாளத்துக்குத் தேவை குறைந்ததும் பண்ணை கைவிடப்பட்டது. குதிரைகள் கைவிடப்பட்டதை அறியாமல் இனம் பெருக்கி, இன்று கட்டாக்காலிகளாக மேய்கின்றன. மட்டமான உயரமும் மெலிந்த உடலும் கொண்டவை. கோடையிற் குட்டைகள் வற்றும்போது நீரின்றி இறக்கின்றன. படம் எடுக்க வருவோர் அவற்றைக் காலையிற் காண்கின்றனர். அவை நீருக்காக எவ்வளவு தூரம் நடந்து வந்தன என்பதைக் காண்பதில்லை. மனிதர் நிலையும் அதினின்று பெரிதும் வேறன்று. கிணறுகளுட் பல உவர். நன்னீர் ஊறும் இடங்கள் சில.

அண்மை வரலாற்றை மறைத்துப் பேசுவது நேயர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிற் பயணஞ்செய்த ஆண், பெண், குழந்தைகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் ஊரவர் கூடி நினைவுகூர்கின்றனர். 1990 இலும் அதை அடுத்தும் தீவகமெங்கும் பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். பலர் மீளவேயில்லை. புங்குடுதீவு வழியாகப் போகும்போது, கூரையில்லாத கல்வீடுகள் தெருவின் இருமருங்கும் நிற்பதைக் காண்பீர்கள். அவற்றுட் சில, கொழும்பில் உழைத்த காசிற் கட்டப்பட்டவை. அவற்றின் உரிமையாளரின் பேரப்பிள்ளை உங்கள் வண்டியிலேயே இருந்தாலும் இருக்கலாம்.

இத்தீவுகளைத் தேர்ந்தெடுப்போர் இன்றும் உளர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2021 இற் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, திட்டம் நின்றது, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையோடு அதைச் செய்ய உடன்படிக்கை எழுதப்பட்டது. புதுடில்லியிலும் பீக்கிங்கிலும் படத்தை விரித்து இத்தீவுகளைத் தேடிய நாளில், கொழும்பிலுள்ள நம் பிள்ளைகளின் விரல் மன்னாரில் நின்றுகொண்டிருந்தது.

ஆகவே என்னைக் கேட்போருக்கு நான் சொல்வது இது. கையிற் போதிய பணமிருந்து மொரீசியசுக்குப் போவதானால் ஆகஸ்ட் நன்று. அங்கே அது குளிர்காலம், ஆண்டுத் தொடக்கத்துச் சூறாவளி அஞ்சவேண்டியதில்லை. மாலைதீவுக்கு வறண்ட காலம் சனவரி தொடக்கம் ஏப்பிரல் வரை. ஆகஸ்டில் இலங்கைக்குள் நிற்போர் திருகோணமலையை நாடலாம். நிலாவெளிக் கடல் அப்போது அடங்கியிருக்கும். எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்காவாயிருப்பதால் முருகைக் கற்களை மிதித்தலும் முறித்தலும் குற்றம். பணமில்லாதவருக்கு மட்டக்குளியிற் காக்கைதீவு இருக்கின்றது. பெயரில் மட்டுமே தீவு. ஆயினும் களனியின் முகத்தில் மாலை வெயில் விழுவதற்குக் கட்டணமில்லை.

முதன்முதலாகப் போகும் குடும்பத்துக்கு நெடுந்தீவே என் தெரிவு, அதுவும் ஏப்பிரலில். ஆகஸ்டிற் சோளகக் காற்றிற் படகு ஆடும். டிசெம்பரில் வாடையும் மழையும். ஏப்பிரலிற் கடல் கண்ணாடி போலக் கிடக்கும்; வெயிலோ கடுமை, ஆகையாற் குடையும் தொப்பியும் மறவாதீர்கள். குடிநீரை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொண்டு போங்கள்; தீவாரின் கிணற்றை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போகாமல், ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவைத்து, அங்கேயுள்ள வீடொன்றில் மீன்குழம்பும் சோறும் சமைப்பித்து உண்ணுங்கள். காசு அங்கே தங்கட்டும். குறிகட்டுவானுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். திரும்பும் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகற் படகு போய்விட்டால் மறுநாட் காலை வரை நீங்களும் நெடுந்தீவார்தாம்.